கிளை பிரியும் இடம்

அகநானூற்றின் 390ஆம் பாட்டில் உமணர் மகள் ஒருத்தி சேரிதோறும் உப்பு விற்றுப் போகிறாள். நெல்லுக்கு உப்பு சரிக்குச் சரி என்பது அவள் கூவும் விலை. ஒருவன் எதிரே வந்து வழியை மறிக்கிறான். விற்கும் உப்பின் விலை தெரிந்துவிட்டது, உன் மேனியில் வாழும் உப்புக்கு விலை என்ன என்ற பொருள்படப் பேச்சுக் கொடுக்கிறான். எங்களை மறிக்கிற நீங்கள் யார் என்று அவள் கேட்டுவிட்டு, சிறு முறுவலோடு போய்விடுகிறாள். அவன் நெஞ்சு அவளோடு போய்விட்டது என்பதோடு பாட்டு முடிகிறது. பாடியவர் அம்மூவனார். தலைவன் இதைப் பிற்பாடு தன் பாங்கனிடம் சொன்னதாகத் துறை வகுத்திருக்கிறார்கள்.

இதே காட்சியை இன்று ஒருவர் விஷுவல் நாவலாக எழுதினால் அந்த முறுவலுக்கு அடுத்துத் திரையில் மூன்று வரிகள் தோன்றும். மன்னிப்புக் கேட்கலாம், பெயரைச் சொல்லலாம், பின்னாலேயே நடக்கலாம். எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ப அவள் கணக்கில் மதிப்பெண் ஏறும், இறங்கும். போதிய மதிப்பெண் சேர்ந்தால் அவளுடைய கதை திறக்கும். சேராவிட்டால் வேறொருத்தியின் கதை. படம், இசை, உரையாடல், இடையிடையே தேர்வு என்று அமைந்த இந்தக் கணினி வடிவத்தில் காதல் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் கிளைக்கின்றன. இந்தக் கிளைப்பு முறைக்கு எவ்வளவு பலம், மரக்காணத்து உப்பளக் கரையைப் போன்ற ஓர் இடத்தில் நடக்கும் காதலை அது தாங்குமா என்று எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

மரக்காணத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் நெய்தல் நகரமாகச் சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற கருத்து. அந்த நூலைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இதற்கு வடக்கே இன்றும் அதே பெயரில் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கழுவேலி ஏரி, இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கண்ணுக்கெட்டியவரை பாத்திகள். சங்கப் பாடல்கள் நெய்தல் காதலர் சந்திக்கப் புன்னை நிழலையும் ஞாழல் சோலையையும் கொடுத்தன. உப்பளத்தில் நிழல் கிடையாது. வரப்பு யாரையும் மறைக்காது. ஒருத்தி தலையில் கூடையோடு நடந்தால் நெடுந்தொலைவில் நிற்பவருக்கும் தெரியும். யார் பார்த்தார், யாருக்குத் தெரியும் என்ற கேள்வி இந்த நிலத்தோடு பிறந்தது. காதல் கதையின் கிளை அந்தக் கேள்வியில்தான் பிரிய வேண்டும் என்பது என் வாதம். அதற்கு முன் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு பார்த்துவிட வேண்டும்.

ஆளுக்கொரு ரூட், அதாவது ஆளுக்கொரு தனிக்கதைப் பாதை, என்ற அமைப்பு கெட்டிப்பட்டது 1990களின் ஜப்பானில். 1994இல் கொனாமி வெளியிட்ட 'டோக்கிமெக்கி மெமோரியல்' அதற்குப் பெரிய முன்மாதிரி. மூன்றாண்டுப் பள்ளிப் படிப்பு, பல பெண்கள், பட்டம் பெறும் நாளில் ஒரு மரத்தடிக்கு யார் வந்து காதலைச் சொல்கிறாள் என்பதே முடிவு. அதே ஆண்டில் கோயே நிறுவனத்தின் 'ஆஞ்செலிக்' இந்த விளையாட்டைப் பெண்களின் பக்கமிருந்து ஆடக் கொடுத்தது. பத்து ஆண்டுகளுக்குள் அமைப்பு வாய்பாடாகிவிட்டது: முதலில் எல்லோருக்கும் பொதுவான பகுதி, அதில் சிறு சிறு தேர்வுகள், பின்னணியில் ஓடும் மறைகணக்கு, ஒரு கட்டத்தில் கதவு சாத்தப்பட்டு ஒரே ஆளின் கதை. 2012இல் வெளிவந்த 'கதாவா ஷோஜோ'வில் இதைத் துல்லியமாகக் காணலாம். ஐந்து பெண்கள், ஐந்து ரூட்டுகள். பொதுப் பகுதியில் எவளிடமும் போதிய நாட்டம் காட்டாத நாயகன் மொட்டைமாடியிலிருந்து விழுந்து சாகிறான். விளையாட்டு அங்கேயே முடிகிறது. யாரையும் தேர்ந்தெடுக்காதவனுக்குக் கதை கிடையாது என்பதை வடிவமே இப்படி ஒப்புக்கொள்கிறது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இது அறியாத சங்கதி இல்லை. 2001இல் ஜீவா இயக்கிய '12பி' இரண்டு ரூட் கொண்ட காதல் கதைதான். பஸ்ஸைப் பிடித்த நாயகன் ஷாமுக்கு ஒரு வேலை, ஒரு காதலி. பஸ்ஸை விட்ட ஷாமுக்கு வேறு தொழில், வேறு காதலி. அந்தப் படத்தில் நான் மதிப்பது அதன் நேர்மையை. கிளை பிரிந்ததற்கு நாயகனின் குணமோ தகுதியோ காரணம் என்று அது நடிக்கவில்லை. சில நொடித் தாமதம், அவ்வளவே. யாரோடு வாழ்கிறோம் என்பதில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்பதை அது மறைக்காமல் வைத்தது. மதிப்பெண் சேர்த்துக் கதவு திறக்கும் விளையாட்டு அதே தற்செயலை எடுத்துக்கொண்டு, உழைத்துச் சம்பாதித்ததுபோல் காட்டுகிறது.

இருந்தாலும் ரூட் அமைப்பு ஒரு காரியத்தை வேறெந்த வடிவத்தாலும் செய்ய முடியாத அளவுக்குச் செய்திருக்கிறது. டைப்-மூன் குழுவின் 'ஃபேட்/ஸ்டே நைட்' 2004இல் வந்தது. மூன்று ரூட்டுகள், எதை முதலில் படிப்பது என்ற உரிமை வாசகருக்குக் கிடையாது, வரிசை கட்டாயம். முதல் இரண்டு ரூட்டுகளில் சகுரா என்ற பெண் பின்னணியில் சாதுவாக வந்து போகிறாள். சமைக்கிறாள், வணக்கம் சொல்கிறாள். மூன்றாவது ரூட்டில்தான் அவள் வீட்டில் அனுபவித்த கொடுமை தெரியவருகிறது. அதைப் படிக்கும் கணத்தில் முன்பு படித்த இரண்டு கதைகளும் மாறிவிடுகின்றன. நாம் வேறொருத்தியின் காதலில் மகிழ்ந்திருந்த அதே நாள்களில் இவள் அதைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். வாசகரின் கவனக்குறைவையே கதைப்பொருளாக்கும் இந்த அடி நேர்கோட்டு நாவலில் இவ்வளவு ஆழமாக விழாது. ரூட்டுகளுக்கு ஆதரவாக ஒரே ஒரு சாட்சியைக் கூப்பிடச் சொன்னால் இதைத்தான் கூப்பிடுவேன்.

ஆனால் இந்த வெற்றி எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். வாசகரின் சுதந்திரத்தைப் பறித்து வரிசையைக் கட்டிப்போட்டதால் வந்தது. மூன்று ரூட்டுகளும் ஒரே வீட்டைச் சுற்றுவதால் வந்தது. இதன் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஐந்து ஆள், ஐந்து கதை என்று பிரித்துவைத்தார்கள். ஒன்றைப் படித்தது மற்றொன்றை மாற்றவே மாற்றாது. அது ஒரே அட்டைக்குள் ஐந்து குறுநாவல். கிளைக் கதை என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

எழுதுபவரின் உழைப்பையும் கணக்குப் பார்க்கலாம், ஏனென்றால் தமிழில் இத்தகைய ஒன்றைச் செய்யப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்த சிறு குழுவாகத்தான் இருப்பார்கள். பத்து இடங்களில் இரண்டிரண்டு தேர்வு வைத்து, எந்தக் கிளையும் மற்றொன்றோடு சேராமல் விட்டால், எழுத வேண்டிய காட்சிகள் 2,046, முடிவுகள் 1,024. காட்சிக்கு 300 சொல் என்றால் ஆறு லட்சத்துக்கும் மேல். ஒருமுறை படிப்பவர் பார்ப்பது பத்துக் காட்சி, 3,000 சொல். எழுதியதில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எட்வர்ட் பேக்கர்டின் 'தி கேவ் ஆஃப் டைம்' 1979இல் சிறுவர்களுக்குக் காட்டிய பாதை இது, ஒரு மெல்லிய புத்தகத்துக்கு மேல் தாங்காது. மாறாகக் கிளைகள் பிரிந்து அடுத்த திருப்பத்தில் மறுபடி சேர்ந்தால் அதே பத்துத் தேர்வுக்கு இருபது காட்சி போதும். ரூட் அமைப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பொதுப் பகுதியும் ஐந்து ரூட்டும் சம நீளம் என்று வைத்தால் வாசகருக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். சிக்கனம் என்ற அளவில் ரூட் மோசமில்லை, பிரிந்து சேர்வது மேல். சேரும் கதையில் தேர்வுக்கு மதிப்பில்லையே என்பார்கள். காட்சி சேரலாம், நினைவு சேர வேண்டியதில்லை. அன்று நீ சொன்ன பொய் எனக்குத் தெரியும் என்று ஒரு பாத்திரம் ஐந்து காட்சி கழித்துச் சொல்ல ஒரு வரி போதும்.

உண்மையான குறை பணத்திலோ உழைப்பிலோ இல்லை. அன்பைச் செலுத்தினால் அன்பு கிடைக்கும் என்ற கணக்கில் இருக்கிறது. எல்லாத் தேர்வும் ஒருவரைச் சேர்வதற்கான கட்டணமாகிவிடுகிறது. கதவு சாத்தியபின் மற்ற நால்வரும் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காதலிக்கப்படுபவருக்கு அப்பா, அம்மா, தம்பி, பக்கத்து வீடு, கடன், வேலை ஒன்றும் இல்லை, இருந்தாலும் அலங்காரத்துக்கு. எந்தக் காதலும் இருவரோடு முடிந்துவிடாத ஒரு நாட்டில் இது பெரிய பொய்.

இங்கேதான் நெய்தல் பாடல்களின் அமைப்பு எனக்குப் பதில் தருகிறது. ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறும் அம்மூவனாருடையவை. பத்துப் பத்தாகப் பிரிந்த அந்த நூற்றின் முதல் நான்கு பத்துகளுக்குப் பெயர் பாருங்கள்: தாய்க்கு உரைத்த பத்து, தோழிக்கு உரைத்த பத்து, கிழவற்கு உரைத்த பத்து, பாணற்கு உரைத்த பத்து. காதலர் மாறவில்லை. கேட்பவர் மாறுகிறார். கேட்பவர் மாறும்போது அதே காதல் வேறு செய்தியாகிறது. செவிலியிடம் தோழி பேசும்போது மகளைக் காப்பாற்றவும் வேண்டும், உண்மையை உடைக்கவும் வேண்டும். ஒவ்வொரு சொல்லும் அளந்து விழுகிறது. தூது வரும் பாணனிடம் அந்த அளவெல்லாம் இல்லை, தலைவன்மேல் உள்ள கோபம் அவன் தலையில் இறங்குகிறது. அதே நூற்றில் தொண்டிப் பத்து அந்தாதியாக, ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக நேர்கோட்டில் போகிறது. அம்மூவனாருக்கு இரண்டு முறையும் தெரியும். நேர்கோட்டுக்கு ஒரு பத்தைக் கொடுத்துவிட்டு, முதல் நாற்பதையும் கேட்பவரைக் கொண்டு அடுக்கினார்கள்.

களவு என்னும் மறைவான காதல் வெளிப்படும் முறைக்கு இலக்கணம் ஒரு சங்கிலியே வைத்திருக்கிறது. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். அறத்தொடு நிற்றல் என்பது இது. இந்தச் சங்கிலி வீட்டுக்குள் நகரும்போதே வெளியில் இன்னொன்று நகர்கிறது. முதலில் சிலர் வாய்க்குள் முணுமுணுக்கும் அம்பல். பிறகு ஊரே பேசும் அலர். தாயின் காதுக்குத் தோழியின் சொல் முந்துமா, ஊரின் சொல் முந்துமா? ஒரு காதல் கதையை நகர்த்த இதைவிட நல்ல இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. தொல்காப்பியம் திருமணத்துக்குச் சொல்லும் வழிகளும் இரண்டே: களவு வெளிப்பட்டபின் மணப்பது, வெளிப்படாமலே மணப்பது. யாரை என்பது அங்கே கேள்வியே இல்லை. யாருக்குத் தெரிந்தபின் என்பதுதான் கேள்வி.

வியப்பு என்னவென்றால், 'டோக்கிமெக்கி மெமோரியல்' இதே அலரைக் கையில் எடுத்தது. நாயகன் ஒரு பெண்ணை நெடுநாள் கவனிக்காமல் விட்டால் அவள் பெயருக்கு எதிரே ஒரு வெடிகுண்டுச் சின்னம் தோன்றும். அது வெடித்தால் பேச்சு பரவி எல்லாப் பெண்களின் மதிப்பும் ஒருசேர இறங்கும். ஊர்ப்பேச்சை விளையாட்டின் விதியாக்கிய கூர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குண்டு அவமதிக்கப்பட்ட பெண்ணின் தலைமேல் இருக்கிறது, ஆபத்து அவள், அவளைச் சமாதானப்படுத்தினால் ஆபத்து நீங்கும். தொல்காப்பியக் களவியல் அம்பலுக்கும் அலருக்கும் முதல் காரணம் கிழவனே, அதாவது தலைவனே, என்று சொல்கிறது. பழி எழக் காரணமானவன் பழியைத் தீர்க்க வேண்டும். அலர் எழுந்துவிட்டால் அவன் வந்து மணம் பேசியாக வேண்டும். அங்கே அலர் தண்டனை இல்லை, கதையை முன்னே தள்ளும் விசை. ஒரே பொருளை இரண்டு மரபுகளும் எடுத்தாண்டதில் தமிழ் மரபின் பயன்பாடு நுட்பமானது, நியாயமும் கூடியது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மறுப்பையும் இப்படி ஒப்பிடலாம். மதிப்பெண் விளையாட்டில் சந்திப்பை மறுத்தால் உறவு குறையும்; இசைந்தால் கூடும். அகப்பாட்டில் தோழி இரவுக்குறியை, அதாவது இரவுச் சந்திப்பை, மறுக்கிறாள். கழியில் முதலையும் சுறாவும் உண்டு, இருளில் வராதே என்கிறாள். அவனை விரட்டுவது அவள் எண்ணமில்லை. வந்து மணந்துகொள் என்று நெருக்குகிறாள். வேண்டாம் என்ற சொல்லே உறவை ஒரு படி ஏற்றுகிறது. கூட்டல் கழித்தலில் இதற்கு இடமே கிடையாது. எந்தத் தேர்வும் யாருக்கு எது தெரியும் என்பதை மாற்றும் என்று வைத்தால் இடம் உண்டு.

காத்திருத்தல் கடினமான இடம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஒன்றும் நடக்காத நேரம்தான் அதன் உயிர். தேர்வும் விளைவுமாக ஓடும் வடிவத்தில் ஒன்றும் நடக்காததை எப்படி எழுதுவது? 2016இல் கொரியாவின் செரிட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மிஸ்டிக் மெசஞ்சர்' ஒரு வழி கண்டது. கதையின் பதினொரு நாளும் படிப்பவரின் கடிகாரத்தில் ஓடும். நள்ளிரவில் ஒருவர் பேச வந்தால் விழித்திருந்தால்தான் உண்டு. காத்திருப்பு உடம்பில் உறைக்கிறது. ஆனால் தவறவிட்ட உரையாடலை விளையாட்டின் நாணயம் கொடுத்துத் திறந்துகொள்ளலாம் என்று ஒரு சாளரத்தையும் வைத்தார்கள். இரங்கலை விலைக்கு வாங்கித் தீர்த்துவிடலாம் என்றால் அது இரங்கலே இல்லை. முயற்சிக்கு மதிப்பு, முடிவுக்கு இல்லை.

இந்தக் கரையில் காத்திருப்பை அளக்க உப்பின் காலமே இருக்கிறது. நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியவை என்பது இலக்கணம். அளத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டில் பொழுது இரண்டே. தை, மாசியில் பாத்தி திருத்தி நீர் பாய்ச்சினால் கோடை முழுக்க வாரலாம். உவர்நீர் 25 டிகிரி போமே அளவை நெருங்கினால்தான் உப்பு படியும், அவசரப்படுத்த வழியில்லை. ஐப்பசி மழை இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் அளங்கள் வெள்ளக்காடாயின. அளம் நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும், அல்லது வேறிடத்தில் அவசரமாக முடியும். கதவு சாத்தும் மறைகணக்குக்குப் பதிலாக இந்த மழையை வையுங்கள். எந்த நாளில் மூடும் என்று வாசகருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் சொல்லத் துணியாமல் கோடை கழியும். அந்தத் தயக்கத்தின் வலி எந்த ரகசிய மதிப்பெண்ணாலும் வராது.

அக மரபின்மேல் உள்ள ஆட்சேபங்களை மறைத்துவிட்டு அதற்கு வெற்றி தர முடியாது. முதலாவது, சங்கப் பாட்டு கிளைக் கதை இல்லை. யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, தனித்தனிக் கணங்கள். அவற்றைக் கோத்துக் கதையாக்கிய கோவை நூல்கள் ஒரே கோட்டில் போகின்றன; திருக்கோவையார் 400 பாட்டு, ஒரு கிளைகூட இல்லை. மரபு நமக்குத் தருவது கிளை பிரியத்தக்க கணுக்களின் பட்டியல் மட்டுமே, பிரித்து எழுதும் வேலை நம்முடையது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புகளை வேண்டுகிறது. பிறப்பும் குடிமையும் அவற்றில் முன்னே நிற்கின்றன. ஒத்தவர்களின் காதல் என்பதால்தான் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பெரும்பாலும் மணத்தில் முடிகிறது. இன்றைய மரக்காணத்தில் எழுதுபவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தையொட்டி மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. சாதி கடந்த காதலுக்கு எதிரான மேடைப்பேச்சு வட மாவட்டங்களில் ஓங்கியிருந்த அடுத்த ஏப்ரலில் மரக்காணத்திலேயே தலித் வீடுகள் எரிந்தன. இந்த மண்ணில் அம்மாவிடம் சொல்லலாமா என்ற தேர்வின் இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லை. ஐந்து கதவு, ஐந்தும் சமம் என்று வைக்கும் விளையாட்டு இங்கே பொய் சொல்கிறது. சொன்னால் எல்லாம் சரியாகும் என்று முடியும் அகமரபு விளையாட்டும் அதே பொய்யைத்தான் சொல்லும்.

இதற்கு மரபுக்குள்ளேயே ஒரு திறப்பு உண்டு. உடன்போக்கை, காதலர் வீட்டை விட்டுச் சேர்ந்து போவதை, அகப்பாட்டு இழிவாகப் பார்க்கவில்லை. மகளைத் தேடிப் பாலை வழியில் ஓடும் செவிலியிடம், கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில், எதிரே வரும் துறவிகள் அவர்கள் போனது அறமே என்கிறார்கள். முத்து கடலில் பிறந்தாலும் அணிபவருக்கன்றிக் கடலுக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். ஆகவே சொல்லாமல் போவது, சொல்ல மறுப்பது, யாரிடமும் சொல்லாமல் பிரிவது எல்லாம் தோல்வி முடிவுகளாக ஓரத்தில் ஒதுக்கப்படாமல் சம மதிப்புள்ள கதைகளாக எழுதப்பட வேண்டும். எடை வேறு வேறாக இருக்கும். மதிப்பு ஒன்றாக இருக்கலாம்.

கிளையே வேண்டாம், ஒரே கதையை நன்றாகச் சொன்னால் போதும் என்பாரும் உண்டு. அவர்களுக்கு வலுவான சான்று 'வெண்பா'. கனடாவின் டொரன்டோவில் விசை கேம்ஸ் குழு உருவாக்கி 2023 ஜூலையில் வெளியிட்டது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தை, வெண்பா, பாவலன், மகன் கவின் மூவரை, சமையல் வழியே பின்தொடர்கிறது. உரையாடலில் ஆங்காங்கே எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வாழ்க்கை தன் வழியில்தான் போகும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. தாய்க்கும் மகனுக்கும் இடையே மொழி தேய்வதைச் சொல்ல அந்த நேர்கோடு சரி. அங்கே தேர்ந்தெடுக்க முடியாமையே வலி. களவுக் காதல் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு நாளும் சொல்வதா மறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கிளை அதன் இயல்பிலேயே இருப்பதால் அதை எழுதாமல் விட்டால் பொருள் குறைந்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆளுக்கொரு ரூட் என்ற அமைப்பைக் காதல் கதையின் முதன்மை வடிவமாக ஏற்க முடியாது. ஒரு ரூட்டைப் படித்தது இன்னொன்றைத் திருத்தி எழுதும்போது மட்டுமே அதற்கு இடம் உண்டு. அதுவும் இரண்டுக்கு மேல் போகாமல், வரிசையைக் கட்டாயமாக்கி. முதன்மை வடிவமாக நான் ஏற்பது ஒரே ஜோடி, அறத்தொடு நிற்றலின் நான்கு கண்ணிகள், அவற்றோடு போட்டியிடும் அலர், தலைக்குமேல் வரப்போகும் மழை. நான்கு கண்ணியிலும் சொல்வது, மறைப்பது என்று இரண்டு வைத்தாலே பதினாறு நிலைகள் கிடைக்கும். காட்சிகள் பிரிந்து சேரும். யாருக்கு எது தெரியும் என்பது மட்டும் சேராமல் கடைசிவரை வரும். முதல்முறை தலைவியாகப் படித்தவருக்கு இரண்டாம் முறை இன்னொரு காதலனைக் கொடுக்கக் கூடாது. தோழியாகவோ செவிலியாகவோ படிக்கக் கொடுக்க வேண்டும். முதல்முறை ஒரு வரியில் தலையசைத்துவிட்டுப் போன செவிலி அன்று இரவு என்ன செய்தாள் என்பது அப்போது தெரியவரும். சகுராவின் கதை கொடுத்த அதே அடி இங்கேயும் விழும். அதற்கு இன்னொரு பெண்ணைப் பரிசாக வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு கிளையை மட்டும் மரபை மீறிச் சேர்க்க வேண்டும் என்பேன். பனைமடலால் குதிரை செய்து அதில் ஏறி, ஊர் நடுவே தன் காதலைத் தானே பறைசாற்றும் மடலேறுதல் ஆணுக்கு மட்டும் உரியது. பெண்ணுக்கு ஆகாது என்கிறது தொல்காப்பியம், குறளும் அப்படியே. திருமங்கையாழ்வார் தம் இரு திருமடல்களிலும் அந்தப் பூட்டை உடைத்து, தலைவியையே மடலூர்வேன் என்று பேசவைத்தார். தென்மரபு மறுக்குமானால் அந்த மரபு எனக்கு வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லவைத்தார். இன்று பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலைய வாசலில் கழுத்தில் மாலையோடு வந்து நிற்கும் பெண் செய்வதும் அதுதான். வீட்டுச் சங்கிலிக்குக் காத்திராமல், அம்பலாகித் தேய்வதற்கு முன், தன் அலரைத் தானே எழுப்பிக்கொள்கிறாள். யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதை ஊரின் கையிலிருந்து தன் கைக்கு மாற்றிக்கொள்கிறாள். மரக்காணத்தை வைத்து ஒருவர் இப்படியொரு விளையாட்டை எழுதினால், கோடையின் எந்த நாளிலும் தலைவி எடுக்கத்தக்க தேர்வாக இது திறந்திருக்க வேண்டும், அதற்கு எந்த மதிப்பெண்ணும் கேட்காமல்.